பெட்டியின் முதல் தாள்

பழைய கடதாசிகளைப் படமெடுத்துக் கொம்பியூட்டரில் சேர்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டார்கள். எழும்பி நின்று பேச எனக்கு வராது, எழுதித் தருகிறேன் என்றேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என் எழுத்து மெல்லத்தான் நடக்கும். நீங்களும் மெல்ல வாசியுங்கள். அவசரமாக வாசிக்கிற ஆட்களுக்கு இந்த வேலை எப்படியும் சரிவராது.

மெசினை எப்படி ஓட்டுவது, எந்தப் பொத்தானை எப்போது அமத்துவது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. நான் ஓட்டிய காலத்து மெசின்கள் இப்போது குப்பையில்கூட இல்லை. ஒரு பிழை வந்ததையும், அந்தப் பிழையைச் சுற்றி நாங்கள் எப்படி நின்றோம் என்பதையும் மட்டும் சொல்கிறேன். மெசின் மாறும், பிழை வரும்போது மனிசர் நிற்கிற நிலை மாறாது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஸ்காபரோவில் டோர்செட் பார்க் மாடிக் கட்டடங்களில் ஒன்றில் என் தம்பி குடும்பத்தோடு இருந்தேன். என் மனுசன் ஊரில் செத்த பிறகு தம்பிதான் கூப்பிட்டான். எனக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் சும்மா இருந்து தம்பி பெண்சாதியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. நடந்துபோகிற தூரத்தில், கார்க் கண்ணாடி மாற்றுகிற கடைக்கும் பாண் சுடுகிற போறணைக்கும் நடுவில், இந்தக் கொம்பனி இருந்தது. காலையில் பாண் வாசத்தோடுதான் கதவைத் திறப்போம்.

பழைய டொக்டர்மார் ஓய்வெடுக்கும்போது அவர்களுடைய நோயாளிகளின் கோப்புகள் பெட்டி பெட்டியாக எங்களிடம் வரும். என் வேலை அந்தக் கோப்புகளில் இருக்கிற கம்பிப் பின்களைப் பிடுங்குவது, மடிந்த தாளை நிமிர்த்துவது, ஒவ்வொரு கோப்பிலும் எத்தனை பக்கம் என்று எண்ணி மேலட்டையில் எழுதுவது. நான் பிடுங்கின பின்களைச் சேர்த்து உருக்கியிருந்தால் ஒரு வள்ளம் செய்திருக்கலாம். என் கணக்கு பிழைத்ததாக ஒரு நாளும் ஒருவரும் சொன்னதில்லை. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

நான் எண்ணின பெட்டி தவமணியிடம் போகும். அவள்தான் ஸ்கான் பண்ணுகிறவள். தாள்களை அடுக்காக மெசினுக்குக் கொடுப்பாள். மெசின் ஒவ்வொரு தாளையும் படமாக்கி, பெட்டிக்கு ஒரு ஃபோல்டர் என்று, ஒன்று, இரண்டு, மூன்று என வரிசை இலக்கம் போட்டு வைக்கும். என் மேலட்டைகள் பக்கத்து அறைக்குப் போகும். அங்கே இருக்கிற பெட்டைகள் நோயாளியின் பெயரையும், அவருடைய பக்கங்கள் எந்தப் படத்தில் தொடங்கி எந்தப் படத்தில் முடிகின்றன என்பதையும் டேற்றாபேஸில் பதிவார்கள். பிறகு கடதாசி எல்லாம் அரைக்கிற மெசினுக்குள் போய்விடும். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடதாசி போனால் போனதுதான்.

தவமணி, நாங்கள் தவம் என்றுதான் கூப்பிடுவோம், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவள். புருசனைப் பறிகொடுத்தவள். இரண்டு பெட்டைப் பிள்ளைகளை ஊரில் தன் தாயிடம் விட்டுவிட்டு வந்தவள். பிள்ளைகளை இங்கே கூப்பிட விண்ணப்பப் பத்திரம் போட்டிருந்தாள். நிலையான வேலை இருந்தால்தான் அது நகரும். அவளுக்கு அந்த வேலை சம்பளத்துக்காக இல்லை. அந்த வேலைதான் பிள்ளைகள் வருகிற பாதை.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. புதுப் பெட்டி மேசைக்கு வந்ததும் ஒரு வெள்ளைத்தாளை எடுப்பாள். அதன் தலைப்பில் பேனையால் பிள்ளையார் சுழி போடுவாள். வெறும் ‘உ’. அதை எல்லாத் தாளுக்கும் முதலாவதாக மெசினில் வைத்து, ஒரு கணம் கண்ணை மூடிவிட்டுப் பொத்தானை அமத்துவாள்.

“என்னடி கேக்கிறாய் ஒவ்வொரு நாளும்?” என்று ஒரு முறை கேட்டேன்.

“இந்தப் பெட்டி முடியிறதுக்கிடையிலை ஒரு சேதி வரவேணும் எண்டு கேக்கிறன், அக்கா.”

“பெட்டி முடிஞ்சு சேதி வராட்டி?”

“அடுத்த பெட்டி இருக்குத்தானே.”

சுழி போட்ட தாளை அரைக்கிற மெசினுக்கு விடமாட்டாள். மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொள்வாள். மூத்தவளுக்குப் பல் விழுந்தது, சின்னவள் சைக்கிள் பழகியது எல்லாம் எனக்குச் சொல்லிச் சொல்லி, ஒரு கட்டத்தில் நானும் ஒவ்வொரு பெட்டிக்கும் அந்தச் சேதியை எதிர்பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

எங்கள் அறையில் இன்னொரு தமிழன் இருந்தான். முரளி. மதுரைப் பக்கம். படித்தவன், கொம்பியூட்டரில் புரோகிராம் எழுதுகிறவன். கொம்பனி கொடுத்த வேலை அனுமதியில் வந்தவன், கொம்பனி விட்டால் ஊருக்குப் போகவேண்டியவன். மத்தியானம் எங்களோடுதான் சாப்பிடுவான். தவம் தருகிற சம்பலைத் தின்றுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “காரமே இல்லக்கா” என்பான்.

அந்த நேரம் கொம்பனியில் ஒரு பெரிய வாதம் நடந்துகொண்டிருந்தது. படங்களை எங்கே வைப்பது? முரளி சொன்னது ஒன்று. முதலாளி காசு கொடுத்துக் கூப்பிட்டிருந்த ஆலோசகர், எப்போதும் கழுத்துப்பட்டி கட்டுகிற வெள்ளைக்காரர், சொன்னது வேறொன்று. ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் முரளி எங்களுக்கு விளங்கப்படுத்தினான்.

“டேட்டாபேஸ்ல பேரும் நம்பரும் மட்டும்தான்கா இருக்கும். படம் வெளியில, ஃபோல்டர்ல கிடக்கும். பேரைச் சொல்லிக் கேட்டா, இந்தப் பெட்டி, இந்தப் படம்னு அது கை காட்டும். போய் எடுத்துக்கலாம். லேசா இருக்கும், வேகமாவும் இருக்கும். ஒண்ணு கெட்டாலும் மத்தது கெடாது.”

“அப்ப அவர் என்ன சொல்லுறார்?” என்றேன்.

“படத்தையும் டேட்டாபேஸ் உள்ளயே போட்டுப் பூட்டணும்கிறார். வெளியில கிடந்தா யார் வேணா கை வைக்கலாம்கிறார்.”

தவம் சிரித்தாள். “உங்கடை டேற்றாபேஸ் எங்கடை ஊரிலை பதிவு பாக்கிற விதானையார் மாதிரி. உந்தா அந்த வீடு எண்டு கையைக் காட்டுவார். உள்ளுக்கை ஆக்கள் இருக்கினமோ எண்டு எட்டிப் பாரார்.”

முரளியும் சிரித்தான். அந்தச் சிரிப்பு ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

ஒரு காலை, நாங்கள் மேலங்கியைக் கழற்றுவதற்குள் ஒரு கிளினிக்கிலிருந்து தொலைபேசி. ஒரு கிழவரின் கோப்பைத் திறந்தால் முதல் பக்கத்தில் வேறு யாரோ ஒரு பெண்ணின் இரத்தப் பரிசோதனை நிற்கிறதாம். கிழவருடைய கடைசிப் பக்கத்தைக் காணோமாம். அடுத்த ஆளைத் திறந்தார்களாம், அங்கேதான் கிழவரின் கடைசிப் பக்கம் இருக்கிறதாம்.

எங்கள் சூப்பர்வைசரைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். கரீபியன் தீவுப் பக்கத்துப் பெண்மணி. பெரிய உடம்பு, சின்னக் குரல். பெயர் வேண்டாம், அவவுக்கு அது பிடிக்காது. அவ வந்து அறையின் நடுவில் நின்று ஒரு வசனம் சொன்னா. எனக்கு அந்த அளவு ஆங்கிலம் விளங்கும். எல்லாரும் கையை எடுங்கள், என்றா. ஸ்கானர் நின்றது. அரைக்கிற மெசின் நின்றது. பக்கத்து அறையில் விசைப்பலகைச் சத்தமும் நின்றது.

பிள்ளைகளே, நான் அந்த வேலையில் படித்ததில் பெரியது இதுதான். பிழை ஒன்று தெரிந்தவுடன் மனிசருக்குக் கை துடிக்கும். உடனே திருத்தவேண்டும், உடனே அழிக்கவேண்டும், ஆருக்கும் தெரியமுதல் சரிக்கட்டவேண்டும். முதல் பிழையைவிட அந்தத் துடிப்பு செய்கிற பிழைதான் பெரிது. அந்த மனுசி அன்றைக்கு எங்கள் கைகளைத்தான் முதலில் காப்பாற்றினா.

ஆலோசகர் வந்தார். வெளியில் கிடக்கிற ஃபோல்டர்களில் வரிசை குலைந்துவிட்டது, இதைத்தான் நான் அன்றைக்கே சொன்னேன் என்றார். முரளி தன் புரோகிராமை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். சில பெட்டிகளை எடுத்தான், பிழையாக இருந்தன. வேறு சிலவற்றை எடுத்தான், சரியாக இருந்தன. பிழையாகத் தொடர்ந்து வந்து, ஓரிடத்தில் சரியாகி, திரும்பவும் பிழையானது. ஒரு ஒழுங்கும் பிடிபடவில்லை. மெசினிலோ புரோகிராமிலோ பிழை இருந்தால் எல்லாவற்றிலும் இருக்கவேண்டும். இது ஆளைப் பார்த்து விளையாடுகிற பிழை மாதிரி இருந்தது.

ஏன் ஒருவரும் முன்னமே காணவில்லை என்று கேட்பீர்கள். படங்களைச் சோதிக்கிற ஆட்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பெட்டியில் என் கணக்கைவிடப் படம் குறைந்தால் சத்தம் போடவேண்டும். ஒன்று இரண்டு கூடினால் விடலாம். ஏதோ தாளின் பின்பக்கமும் விழுந்திருக்கும் என்று விட்டுவிடுவார்கள். குறைவதற்குப் பயந்த ஆட்கள் கூடுவதைப் பார்க்கவில்லை.

முதலாளி முடிவு சொல்லிவிட்டார். வார இறுதியில் எல்லாப் படத்தையும் டேற்றாபேஸுக்குள் மாற்றுவது. பழைய டிஸ்க்குகளைத் துடைத்துவிடுவது. வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்குள் முரளி காரணம் சொல்லாவிட்டால், முரளியும் போகலாம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் முரளி சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை.

“தின்னும் தம்பி,” என்றேன்.

“இறங்கலக்கா.” மேசையில் விரலால் கோடு போட்டான். “பிழையான பெட்டியில எல்லாமே ஒரே ஒரு பக்கம்தான் தள்ளியிருக்கு. முன்னாடி இருக்குறவரோட கடைசிப் பக்கம் இவரோட முதல் பக்கமா வருது. ஒண்ணே ஒண்ணு. ரெண்டில்ல, மூணில்ல. அது எங்கேருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா போதும். இப்படியே தூக்கி உள்ள போட்டாங்கன்னா, ஒருத்தரோட பக்கம் இன்னொருத்தர் பேருக்குக் கீழ ஒட்டிக்கிடும். பழைய டிஸ்க்கையும் தொடைச்சிட்டா, எந்தப் பெட்டியில எது முன்ன இருந்துச்சுன்னு கடவுளுக்குக்கூடத் தெரியாது.”

அவன் எழும்பிப் போனான். தவம் சோற்றில் கை வைத்தபடி இருந்தாள்.

“அக்கா,” என்றாள் மெல்ல. “ஒண்டே ஒண்டெண்டால்...”

அவள் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை. எத்தனையோ பெட்டிகள் நான் எண்ணிக் கொடுத்தேன். ஒவ்வொன்றின் மேலும் அவள் அந்தத் தாளை வைப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதை எண்ணவேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. எங்களுக்கு அது ஒரு தாளாகவே தெரிந்ததில்லை. வாசலில் செருப்பைக் கழற்றுவதை வேலையில் ஒரு பங்கு என்று ஆர் எண்ணுவார்கள்? மெசினுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. மெசின் பிள்ளையாருக்கும் ஒரு இலக்கம் போட்டது.

நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் தவம் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தாள். அறையில் வேறொருவரும் இல்லை, எல்லாரும் சாப்பாட்டில். அந்தக் காலத்தில் ஃபோல்டர்களுக்குப் பூட்டு இல்லை. அவள் மேசையிலிருந்தே எந்தப் பெட்டியையும் திறக்கலாம், எந்தப் படத்தையும் அழிக்கலாம். திரையில் ஒரு பெட்டியின் முதல் படம், அவள் கையெழுத்தில் ‘உ’. அம்புக்குறி அதன் மேல் நின்றது.

“தவம், கையை எடு.”

“ஒவ்வொண்டாய் அழிச்சுவிட்டால் ஆருக்குத் தெரியும், அக்கா?”

“அழிச்சால் மற்ற இலக்கங்கள் தன்பாட்டிலை முன்னுக்கு வருமோ? பிழை அப்பிடியே நிக்கும். ஏன் வந்தது எண்டது மட்டும்தான் இல்லாமல் போகும்.”

“சொன்னால் வேலை போகும்.”

“போகலாம்.”

“வேலை போனால் பிள்ளையளின்ரை அலுவல் நிண்டுபோகும். அம்மாவும் இல்லை இப்ப. தங்கச்சியோடை கொழும்பிலை ஒரு அறைக்குள்ளை கிடக்குதுகள். முரளி படிச்சவன், அக்கா. அவனுக்கு வேறை இடத்திலை கிடைக்கும்.”

“அவனை விமானத்திலை ஏத்திவிட்ட பிறகு எந்த இடத்திலை கிடைக்கும்?”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் பக்கத்தில் போகவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், அந்த நேரம் அவள் பொத்தானை அமத்தியிருந்தால் நான் தடுத்திருப்பேனோ தெரியாது. அந்தப் பிள்ளைகளின் வரவை நானும் அவ்வளவு நாள் பார்த்துக்கொண்டிருந்தவள்.

 பிறகு அவள் கையை மடிக்கு எடுத்தாள்.

“பிள்ளையாரை நான் எப்பிடி அழிக்கிறது?” என்றாள். “அழிச்ச கையாலை அதுகளைக் கூப்பிடுறதோ?”

நாங்கள் இரண்டு பேரும் சூப்பர்வைசரின் அறைக்குப் போனோம். தவம் தன் கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தாள். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள். விட்ட இடத்தை நான் கையால் காட்டினேன். அந்த மனுசி தாளைப் பார்த்தா. தவத்தைப் பார்த்தா. தன் சட்டைக்குள் கிடந்த சின்னச் சிலுவையை வெளியே இழுத்து எங்களுக்குக் காட்டினா. தானும் காலையில் நெற்றியிலும் நெஞ்சிலும் தொட்டுவிட்டுத்தான் கதவைத் திறக்கிறதாகச் சொன்னா. என்னுடையது தாளில் விழாது, அவ்வளவுதான், என்றா.

பிறகு எங்களை இருத்திவிட்டு விசைப்பலகையில் ஏதோ அடித்தா. முதலாளிக்குத்தான் எழுதுகிறா, வேலை போய்விட்டது என்று நினைத்தேன். அடித்து முடித்துக் கையெழுத்து வைத்துத் தவத்திடம் நீட்டினா. அது பிள்ளைகளின் அலுவலுக்காகக் குடிவரவுக் கந்தோருக்குக் கொடுக்கிற வேலைக் கடிதம். தவம் இந்தக் கொம்பனியில் நிரந்தரமாக வேலை செய்கிறாள் என்று இருந்தது. தவம் அதைக் கேட்டு மாதக் கணக்காக நடந்துகொண்டிருந்தவள்.

இன்றைக்கு, இந்த நேரத்தில் இது உண்மை, என்றா அந்த மனுசி. இனி வாருங்கள், முதலாளியிடம் போவோம்.

இதை நான் பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன். சிலர் அது நேர்மையா என்று கேட்டார்கள். அவ ஒரு பொய்யும் எழுதவில்லை. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று மட்டும் தெரிந்திருந்தா. பொறுப்பில் இருக்கிற ஒருவரிடம் நான் பார்ப்பது அன்றிலிருந்து அதைத்தான்.

முதலாளியின் அறையில் ஆலோசகரும் இருந்தார். முரளியைக் கூப்பிட்டார்கள். அவன் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தான்.

“இதை நான் பார்த்தேன்கா,” என்றான். “நாலஞ்சு பெட்டியில முதல் படமா இருந்துச்சு. அடுத்தது அடுத்ததுன்னு தட்டிட்டே போயிட்டேன். எங்க அம்மா மளிகைச் சீட்டுலகூட இதைப் போட்டுட்டுத்தான் பருப்பு எழுதுவாங்க. இது ஒரு பக்கம்னே தோணல எனக்கு.”

முதலாளி முரளியைப் பார்த்து என்ன சொல்கிறாய் என்றார். அவன் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் திரும்பவும் எங்கள் பக்கம் திரும்பினான்.

“சரி, ஆனா எல்லாப் பெட்டியிலயும் இது இல்லையேக்கா. நடுவுல நடுவுல விட்டுப்போயிருக்கே. மறந்துட்டீங்களா?”

தவம் நிலத்தைப் பார்த்தாள். மறக்கிற ஆளா அவள். நான்தான் சொல்லவேண்டியிருந்தது.

“தம்பி, பொம்பிளையளுக்கு மாதத்திலை சில நாள் சாமிக் காரியத்திலை கை வைக்கக் கூடாது. உம்மடை அம்மாவும் அந்த நாளிலை சுழி போட்டிருக்க மாட்டா.”

அவன் காது இரண்டும் சிவந்துபோனது. முதலாளி இதையும் விளங்கப்படுத்தச் சொன்னார். முரளி கொஞ்சம் யோசித்துவிட்டு, சமய விடுமுறை நாட்கள் என்று சொன்னான். ஆலோசகர் மிக மரியாதையாகத் தலையாட்டினார்.

முதலாளி கோபக்காரர், ஆனால் கணக்குத் தெரிந்தவர். முரளி சொன்னதைக் கேட்டார். படம் ஒன்றையும் தொடத் தேவையில்லை. படங்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். சுழி உள்ள பெட்டிகளில் டேற்றாபேஸ் காட்டுகிற இலக்கத்தை மட்டும் ஒவ்வொன்று கூட்டிவிட்டால் எல்லாக் கோப்பும் தன் பக்கங்களிடம் திரும்பிவிடும். கை காட்டுகிற விரலைத்தான் கொஞ்சம் நகர்த்தவேண்டும், வீட்டை இடிக்கத் தேவையில்லை. வார இறுதி மாற்றம் நின்றது. முரளி நின்றான்.

ஆலோசகரை நீங்கள் தவறாக நினைக்கக் கூடாது. மேசையிலிருந்தபடியே ஆராவது ஒரு படத்தை அழித்திருக்கலாமா என்று அவர் கேட்டார். சூப்பர்வைசர் தவத்தைப் பார்த்தா. தவம் உண்மையைச் சொன்னாள், ஓம், அழிக்கலாம் என்று. அதுதான் நான் சொன்னது, என்றார் அவர். சரியாகத்தான் சொன்னார். வெளியில் கிடந்ததால்தான் அந்தப் பிழையைத் திருத்த முடிந்தது. வெளியில் கிடந்ததால்தான் ஒரு மத்தியானத்தில் எல்லாம் போயிருக்கவும் கூடும். படித்தவர்கள் இதை இன்னும் வாதாடுகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். உங்களிடம் ஆராவது ஒரு பக்கம்தான் சரி என்று அடித்துச் சொன்னால், அவர்களுக்கு இன்னும் அப்படி ஒரு மத்தியானம் வரவில்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

தவத்துக்கு வேலை போகவில்லை. ஸ்கானரிலிருந்து எடுத்து, என் எதிரில் பின் பிடுங்க விட்டார்கள். அதற்கு முதல் ஒரு வேலை இருந்தது. எந்தப் பெட்டியில் சுழி இருக்கிறது, எதில் இல்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முரளிக்குச் சொல்லவேண்டும். அதற்கு அவளை விட்டால் ஆள் இல்லை. நானும் பக்கத்தில் இருந்தேன்.

அந்த நாட்களை நான் மறக்கவில்லை. முரளி ஒவ்வொரு பெட்டியின் முதல் படத்தையும் திரைக்குக் கொண்டுவருவான். அவள் ஓம் என்பாள், இல்லை என்பாள். முதலில் வேலையாகத்தான் போனது. பிறகு அவள் பேசத் தொடங்கினாள்.

“இது நீலப் பேனை. அப்ப சின்னவளுக்குச் சின்னமுத்துக் காய்ச்சல் வந்தது.”

அடுத்தது.

“ஓம். இது கை நடுங்கியிருக்கு, பாருங்கோ அக்கா. கடிதம் வராமலே கிடந்த நேரம்.”

அடுத்தது. அடுத்தது. பிறகு வரிசையாகச் சுழி இல்லாத பெட்டிகள் வந்தன. யாரோ ஒரு நோயாளியின் முதல் பக்கம், அடுத்த பெட்டியிலும் யாரோ ஒரு நோயாளி, அதற்கடுத்ததிலும். மாதத்தில் வருகிற சில நாட்களைவிட நீளமான இடைவெளி. முரளி ஒன்றும் கேட்காமல் தட்டிக்கொண்டே போனான். அவள் இல்லை, இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டு வந்தாள். குரல் மட்டும் சின்னதாகிக்கொண்டு வந்தது.

“இது அம்மா செத்த துடக்கு,” என்றாள்.

முரளி கையை எடுத்துவிட்டான்.

“அம்மாவின்ரை செத்தவீட்டுக்குப் போகேல்லை. கொள்ளி வைக்க ஆர் நிண்டது எண்டும் தெரியாது. இஞ்சை இருந்து நான் செய்தது இவ்வளவுதான், தம்பி. சுழி போடாமல் இருந்தன்.”

திரையில் அந்தப் பெயர் தெரியாத நோயாளியின் பக்கம் நின்றது. பிறகு அவளே, “போடும் தம்பி, அடுத்ததை,” என்றாள். அடுத்த பெட்டியில் சுழி இருந்தது. துடக்கு கழிந்து போட்ட முதல் சுழி. மற்றவற்றைவிடப் பெரிதாகப் போட்டிருந்தாள்.

எல்லாம் திருத்திச் சரிபார்த்த பிறகு, கொஞ்ச மாதம் கழித்து, ஆலோசகர் சொன்னபடியே படங்களை டேற்றாபேஸுக்குள் ஏற்றிப் பூட்டினார்கள். முரளியும் அதற்கு ஒத்துக்கொண்டான். பதிவு எந்தப் படத்தைக் காட்டியதோ அது உள்ளே போனது. சுழிகளைக் காட்டுகிற பதிவு ஒன்றும் இல்லை. அவை போகவில்லை.

“அதுகள் எங்கை இப்ப?” என்று தவம் கேட்டாள்.

“பழைய டிஸ்க்குல இருக்குக்கா. தொடைக்கல. யாரும் தேடினா வராது, அவ்வளவுதான்.”

 எனக்குத்தான் அது மனதில் கிடந்தது. இருக்கிறது, ஆனால் அதைக் கை காட்ட ஒருவரும் இல்லை. அப்படி இருக்கிறவர்கள் டிஸ்க்கில் மட்டுமா இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே பின் பிடுங்கினேன்.

பிறகு அவள் என் எதிரில் இருந்தாள். தாள் இல்லை, பேனை இல்லை, பெட்டி வந்ததும் ஒரு கணம் கண்ணை மட்டும் மூடுவாள். அந்தக் கண் மூடலை ஒரு மெசினும் எண்ணவில்லை.

சேதி ஒரு சாதாரண நாளில் வந்தது. எங்கள் கந்தோர்த் தொலைபேசிக்கு அவள் தங்கச்சி கொழும்பிலிருந்து எடுத்தாள். இரண்டு பிள்ளைகளுக்கும் விசா குத்தியாயிற்று. தவம் திரும்பி வந்து என் எதிரில் இருந்தாள். அழவில்லை, சிரிக்கவும் இல்லை. அடுத்த கோப்பை எடுத்து ஒரு பின்னைப் பிடுங்கினாள். நான்தான் எழும்பி அறை முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். சூப்பர்வைசர் வந்து அவளைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனா. முரளி போறணையிலிருந்து ஒரு கேக் வாங்கி வந்தான். எல்லாரும் போன பிறகு அவள் என்னைப் பார்த்தாள்.

“அக்கா, இவ்வளவு நாளும் அதுகளை நினைச்சுத்தான் கை ஓடினது. இனி எதை நினைச்சுக்கொண்டு நான் வேலை செய்யிறது?”

“வரட்டும் பாரன். நினைக்க நேரமே இராது,” என்று சொன்னேன்.

அது அவளுக்குச் சொன்ன பதில். அந்தக் கேள்வி எனக்கும் இருந்ததை அவளிடம் சொல்லவில்லை. எனக்கென்று நினைக்க ஒருவரும் இருக்கவில்லை. இவ்வளவு காலமும் அவளுடைய பிள்ளைகளைத்தான் நானும் நினைத்துக்கொண்டு பெட்டி பெட்டியாக எண்ணிக் கொடுத்தேன். சின்னவளின் காய்ச்சலுக்கு நானும் பயந்தேன். மூத்தவள் சோதினை எழுதிய அன்றைக்கு நானும் மத்தியானம் சாப்பிடவில்லை.

பிள்ளைகள் வந்திறங்கிய நாள் விமான நிலையத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். கதவு திறந்து திறந்து ஆட்கள் வந்தார்கள். தவத்துக்கு முன்னமே நான் கண்டுவிட்டேன். மூத்தவளின் நடை, சின்னவள் தலையைச் சரித்துப் பார்க்கிற விதம், எல்லாம் தவம் சொல்லிச் சொல்லி எனக்குத் தெரிந்திருந்தது. தவம் ஓடினாள். அவர்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் சாமான் வண்டில் பக்கத்தில் நின்றேன்.

கொஞ்சம் ஆறின பிறகு சின்னவள் தாயின் தோளுக்கு மேலால் என்னைப் பார்த்தாள்.

“இவ ஆரம்மா?”

“என்னோடை வேலை செய்யிற அக்கா,” என்றாள் தவம்.

சரியான பதில்தான். நான் சின்னவளின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டேன். நினைத்த அளவு பாரமாக இருக்கவில்லை.